ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சைட்: வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சுடுபவர்களுக்காக, குறி பார்க்க உதவும் சைட் பற்றிய பக்கம். ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்தவர்களும், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. சில இடங்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். உங்கள் பயிற்சியாளர் வேறு மாதிரி சொன்னால் முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள், அவர்தான் நீங்கள் சுடுவதை நேரில் பார்க்கிறார்.

போட்டியில் டெலஸ்கோப் பொருத்திச் சுடலாமா?

முடியாது. சர்வதேச சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ரைஃபிளில் டெலஸ்கோப்புக்கு இடமில்லை. பிஸ்டலில் திறந்த சைட் மட்டும்தான், அதாவது முன்னால் ஒரு பிளேடு, பின்னால் ஒரு பள்ளம். பவர் கண்ணாடி அணிந்து சுடுவதற்குத் தடையில்லை.

ரைஃபிளில் பின்னால் இருக்கும் அந்த வட்டமான சாதனம் எப்படி வேலை செய்கிறது?

அதுதான் டயாப்டர். நம் ஊரில் பீப் சைட் என்றும் சொல்வார்கள். அதில் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது, நடுவில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். துளை வழியாகப் பார்க்கும்போது பின் சைட் வட்டம், முன் சைட் வளையம், இலக்கின் கறுப்பு வட்டம் என மூன்று வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பது கண்ணுக்கு இயல்பாக வரும், அளந்து பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. துளை சின்னதாக இருப்பதால் இரண்டு முழ தூரத்தில் இருக்கும் முன் சைட்டும் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கும் ஓரளவு ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்.

முன் சைட்டில் எந்த அளவு வளையம் போடுவது? கடையில் 3.4-இலிருந்து 4.5 வரை கொடுக்கிறார்களே?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏர் ரைஃபிள் இலக்கில் கறுப்புப் பகுதியின் விட்டம் 30.5 மி.மீ. அது பத்து மீட்டரில் இருக்கிறது. உங்கள் கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 90 செ.மீ. தள்ளி இருந்தால், வளையம் இருக்கும் இடத்தில் அந்தக் கறுப்பு ஏறக்குறைய 2.7 மி.மீ. அளவாகத் தெரியும். 3.4 வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி 0.3 மி.மீ. வெள்ளை மிஞ்சும். 4.2 போட்டால் 0.7-க்கு மேல் மிஞ்சும்.

சின்ன வளையம்தான் துல்லியம் என்று எல்லோருக்கும் தோன்றும். நடைமுறையில் பெரும்பாலும் இது எதிராகத்தான் போகிறது. வெள்ளைக் கோடு மெல்லியதாக இருந்தால் துப்பாக்கி இயல்பாக ஆடும் ஆட்டத்தில் வளையம் கறுப்பை ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் விட்டு மினுக்கும். கண் பதறும், விரலும் கூடவே பதறி ட்ரிக்கரைப் பிடுங்கும். அதனால் புதியவர்களுக்கு 3.8 முதல் 4.2 வரை போட்டுத் தொடங்கச் சொல்வேன். ஆட்டம் குறையக் குறைய 0.1, 0.2 என்று இறக்கிப் பார்க்கலாம். இறக்காமலே பெரிய வளையத்தில் நன்றாகச் சுடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய முன் ஐரிஸும் கிடைக்கிறது. வசதியானதுதான். ஆனால் தினம் ஒரு அளவு வைத்துக் குழம்பும் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

பின் சைட் ஐரிஸை எவ்வளவு திறக்க வேண்டும்?

உள்ளரங்கில் 1.0 முதல் 1.2 மி.மீ. வரை வைத்துத் தொடங்குங்கள். மிகவும் சுருக்கினால் எல்லாம் கூர்மையாகத் தெரிவது போல இருக்கும், ஆனால் வெளிச்சம் குறைந்து படம் சாம்பல் நிறமாகும், கண் சீக்கிரம் களைத்துவிடும். மிகவும் திறந்தால் கண் நடுவில் இருக்கிறதா என்பதே தெரியாது. ஒரு பயிற்சி நாளில் எந்த அளவு வைத்தீர்களோ அதைக் குறித்து வையுங்கள். நிறம் மாற்றும் ஃபில்டர்கள் திறந்தவெளி 50 மீட்டர் ரேஞ்சில் வெயில் ஏறி இறங்கும்போது பயன்படும். உள்ளரங்கில் விளக்கு சரியாக இருந்தால் அவை தேவையில்லை.

விலை அதிகமான டயாப்டர் வாங்கினால் ஸ்கோர் ஏறுமா?

துப்பாக்கியோடு வந்த டயாப்டர் பழுதில்லாமல் இருந்தால், முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஏறாது. அந்தப் பணத்தில் பெல்லட்டும் நல்ல ஷூட்டிங் ஷூவும் வாங்கலாம். நல்ல டயாப்டரில் நீங்கள் காசு கொடுப்பது ஒரே ஒரு குணத்துக்காக: சைட் திருகைப் பத்து க்ளிக் (திருகு ஒவ்வொரு படி நகரும்போதும் கேட்கும் ஒலி) வலது, பத்து க்ளிக் இடது திருப்பினால் அச்சாகப் பழைய இடத்துக்கே வர வேண்டும். ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் புள்ளிகளைத் தசமத்தில் எண்ணுகிறார்கள். மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போகும். அந்த அளவுக்குச் சுடும் நிலை வந்தபிறகு சைட்டின் துல்லியம் கணக்கில் வரும், அதுவரை வராது.

பிஸ்டலில் இலக்கைப் பார்ப்பதா, முன் சைட்டைப் பார்ப்பதா?

முன் சைட்டைத்தான். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது, ஏனென்றால் மனசு இலக்கைத்தான் பார்க்கச் சொல்லும்.

காரணத்தைக் கணக்கில் பாருங்கள். ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருக்கும். பிளேடு பள்ளத்தின் நடுவிலிருந்து 0.3 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், இலக்கில் அது முப்பது மடங்குக்கு மேல் பெருகி 9 மி.மீ.-க்கு மேல் போகும். பத்தாவது வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். பெல்லட்டின் அகலத்தைச் சேர்த்துப் பார்த்தால், மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விழுந்தால்தான் பத்து. ஆக 0.3 மி.மீ.-இல் பத்து ஒன்பதாகிவிட்டது. இதற்கு மாறாக, சைட் இரண்டும் நேராக இருந்து கை மொத்தமும் 5 மி.மீ. இடதுபக்கம் நகர்ந்தால் குண்டும் அதே 5 மி.மீ.தான் நகரும், பத்துக்குள்ளேயே நிற்கும். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம், சைட் கோணம் மாறுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

பிளேடின் இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் சமமாக இருக்க வேண்டும், மேல் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கோடுகள் மிக மெல்லியதாக இருந்தால் பின் சைட் பள்ளத்தைச் சற்று அகலமாக்குங்கள். ஒவ்வொரு கோடும் பிளேடின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கலாம். குறி வைக்கும் இடம் கறுப்பின் நடு அல்ல, அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதி. கறுப்புப் பிளேடைக் கறுப்பு வட்டத்துக்குள் நுழைத்தால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

குறி வைக்காத கண்ணை மூடிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் முகத் தசைகள் இறுகும், அந்த இறுக்கம் குறி வைக்கும் கண்ணையும் பாதிக்கும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, குறி வைக்காத கண்ணுக்கு முன்னால் ஒரு ப்ளைண்டர் வையுங்கள். அது கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகவோ பால்நிறப் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். நம் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஒன்றைக் கறுப்பால் மறைத்தால் மற்றதும் விரியும், சைட் மங்கும். வீட்டில் பழைய தயிர் டப்பா மூடியிலிருந்து வெட்டியே ஒன்று செய்துகொள்ளலாம். அகலம் 30 மி.மீ.-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு முன் உபகரணச் சோதனையில் அளப்பார்கள்.

துருக்கிக்காரர் எதுவுமே இல்லாமல் வந்து ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினாரே?

2024 பாரிஸில் யூசுஃப் திகெச் கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். ப்ளைண்டர் இல்லை, லென்ஸ் சட்டம் இல்லை, சாதாரண கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். அந்தப் படத்தைக் காட்டி "அப்புறம் எதுக்கு சார் இதெல்லாம்" என்று கேட்காத மாணவரே இல்லை. அவர் இரண்டு கண்ணும் திறந்து சுடும் பழக்கம் உள்ளவர், பல ஒலிம்பிக் பார்த்தவர். ப்ளைண்டர் என்பது இரண்டாவது கண்ணின் படத்தை மூளை தானே ஒதுக்கப் பழகாதவர்களுக்கான உதவி. அவருக்குத் தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவைப்படலாம். அவருடைய பிஸ்டலும் சைட்டும் மற்றவர்களுடையதைப் போன்ற போட்டித் தரம்தான் என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. என்ன பவர் போடுவது?

படிக்கும் கண்ணாடியைப் போடாதீர்கள், அது 40 செ.மீ. தூரத்துக்கானது. பைஃபோக்கல், ப்ரோக்ரெசிவ் கண்ணாடிகளும் வேண்டாம். தலை சற்றுச் சாய்ந்தால் அவற்றில் பவர் மாறிவிடும்.

முன் சைட் 90 செ.மீ.-இல் இருந்தால் அதைத் தெளிவாகப் பார்க்க 1.1 டயாப்டர் (இங்கே இது லென்ஸ் பவரின் அலகு, பின் சைட் அல்ல) வேண்டும், பத்து மீட்டருக்கு 0.1. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.6. எனவே உங்கள் தூரப் பார்வை பவரோடு +0.50 சேர்த்து ஒரு தனிக் கண்ணாடி ரைஃபிளுக்குச் செய்துகொள்ளலாம். பிஸ்டலில் முன் சைட்டின் கூர்மைதான் முக்கியம் என்பதால் +0.75 வரை போவார்கள். கண் மருத்துவரிடம் போகும்போது "ஷூட்டிங்குக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது, கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சோதனை லென்ஸ் சட்டத்தோடு கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தை முன் சைட்டாக நினைத்துப் பார்த்தால் சரியானது எது என்று உடனே தெரிந்துவிடும். சோதனைக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

க்ளிக்கை எந்தப் பக்கம் திருப்புவது? ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் போகிறது.

பல ஜெர்மன் சைட்களில் திருகின் மேல் உள்ள எழுத்து, குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும். ஹெச் என்றால் குண்டு மேலே போயிருக்கிறது, அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கீழே இறங்கும். டி (T) என்றால் குண்டு கீழே போயிருக்கிறது. வேறு நாட்டுச் சைட்களில் இது நேர்மாறாகவும் இருக்கும். எழுத்தை நம்பாமல் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஐந்து குண்டு சுடுங்கள், இருபது க்ளிக் ஒரே பக்கம் திருப்புங்கள், மறுபடி ஐந்து சுடுங்கள். இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தை இருபதால் வகுத்தால் உங்கள் சைட்டில் ஒரு க்ளிக்கின் அளவு கிடைத்துவிடும். அதை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ரைஃபிள் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு குண்டு ஒன்பதுக்குப் போனதற்காகத் திருகைத் தொடாதீர்கள். கூட்டமாக ஒரு பக்கம் போனால் மட்டும் திருப்புங்கள்.

நேற்று பத்தில் விழுந்தது இன்று எட்டில் விழுகிறது. சைட் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. உண்மையில் கெட்டுப்போன டயாப்டரைவிட, நன்றாக இருக்கும் டயாப்டரைக் கழற்றிப் பார்த்துக் கெடுத்துக்கொண்டதுதான் அதிகம். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஸ்க்ரூக்கள். டயாப்டர் 11 மி.மீ. டவ்டெயில் தண்டவாளத்தின் மேல் ஒன்றிரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கியில் குண்டு இல்லை, சேஃப்டி ஃப்ளாக் (குழல் காலி என்று காட்டும் நாடா) போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, விரலால் சைட்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். முன் சைட் டனலையும் அப்படியே. ஆடவில்லை என்றால் கன்னம் வைக்கும் கட்டையைப் பாருங்கள். அது 2 மி.மீ. இறங்கியிருந்தாலும் கண் துளைக்கு நேராக வராது, கழுத்தை நீட்டிச் சரிக்கட்டுவீர்கள், குண்டு வேறெங்கோ போகும். அடுத்து வெளிச்சம். வேறு ரேஞ்ச், வேறு விளக்கு, இலக்குக்கு மேலே ஒரு ட்யூப்லைட் எரியவில்லை என்றாலே குறி மேலோ கீழோ நகர்ந்துவிடும். பெல்லட் பெட்டி மாறியதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சைட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இதற்காகத்தான் இரண்டு பழக்கங்கள் தேவை. ஒன்று, சைட் அடிப்பக்கத்துக்கும் தண்டவாளத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. கோடு உடைந்திருந்தால் சைட் நகர்ந்திருக்கிறது. மற்றது, திருகைக் கீழ்ப்பக்கம் கடைசி வரை இறக்கி அங்கிருந்து எத்தனை க்ளிக்கில் உங்கள் சீரோ (குண்டு நடுவில் விழும் திருகு நிலை) இருக்கிறது என்று எண்ணி எழுதி வைப்பது. பக்கவாட்டுக்கும் அதே. கடைசி முனையில் பலவந்தமாக இறுக்க வேண்டாம்.

யாராவது கை வைத்திருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். 2008 பெய்ஜிங்கில் தகுதிச் சுற்று முடிந்து ஃபைனல் தொடங்கும் முன் சுட்ட சோதனைக் குண்டு எங்கோ விலகிப் போனதையும், தன் சைட்டை யாரோ தொட்டிருக்க வேண்டும் என்பதையும் அபினவ் பிந்த்ரா பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதறாமல் இருந்த சில நிமிடங்களில் சீரோவைத் திரும்பக் கொண்டுவந்தார். கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5, தங்கம். சோதனைக் குண்டுகளுக்கான நேரத்தை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பிஸ்டலின் முன் சைட் பழசாகிப் பளபளக்கிறது. என்ன செய்வது?

கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிந்தால் மேல் விளக்கு அதில் பட்டு விளிம்பு கரையும். கண் அந்தப் பளபளப்பைப் பிளேடின் முனை என்று எடுத்துக்கொண்டு ஏமாறும். இதற்கென்றே மங்கலான கறுப்பு ஸ்ப்ரே விற்கிறார்கள். நம் வீட்டிலேயே இருக்கும் மருந்து சூடம். எரியும் சூடத்தின் புகையில் அடர்த்தியான, துளியும் மினுக்காத கரி படியும். பழைய சுடுவீரர்கள் பல நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். பிளேடைப் பிஸ்டலிலிருந்து கழற்றி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இடுக்கியால் பிடித்து, தீ படாமல் புகையில் மட்டும் ஓரிரு விநாடி காட்டுங்கள். கழற்றாமல் செய்யவே கூடாது. ஏர் சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தம் இருக்கிறது, அதன் பக்கத்தில் தீயைக் கொண்டு போகாதீர்கள். விரல் பட்டால் கரி போய்விடும், அதனால் பெட்டியில் வைக்கும்போது கவனம் தேவை.

ஃபில்டர், கண்ணாடி லென்ஸ், ஸ்கோப் இவற்றை எப்படித் துடைப்பது?

முதலில் ஊதல் பந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அப்புறம் மெல்லிய பிரஷ். அதன்பிறகும் கறை இருந்தால் மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். திரவத்தை நேராக லென்ஸில் விட்டால் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கும். டி-ஷர்ட் நுனி, வேட்டி நுனி, துப்பட்டா எல்லாவற்றிலும் தூசி இருக்கிறது, மேல்பூச்சைக் கீறிவிடும்.

டயாப்டர் துளையில் ஒரு நூலிழை சிக்கினால்கூட இலக்கில் மங்கலான நிழல் விழும். கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. துளைக்குள் குச்சியோ ஊசியோ விடாதீர்கள், ஊதினால் போதும்.

சென்னையில் ஸ்கோப்புக்குள் வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. அது என்ன?

பூஞ்சை. கடற்கரை ஊர்களில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது தவறாமல் வரும். லென்ஸின் மேல்பூச்சையே அரித்துவிடும், ஆரம்பத்திலேயே கவனிக்காமல் விட்டால் துடைத்தாலும் அடையாளம் போகாது. உள்பக்கம் வந்துவிட்டால் வீட்டில் திறக்காதீர்கள்.

வராமல் தடுப்பது சுலபம். ரைஃபிள் பெட்டியின் உள்ளே இருக்கும் பஞ்சு நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே வந்ததும் குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, அதோடு பெட்டியை மூடிப் பீரோவில் வைத்தால் பூஞ்சைக்கு விருந்து. வீட்டுக்கு வந்ததும் சாவி போட்ட அறையில் பெட்டியைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். டயாப்டரையும் ஸ்கோப்பையும் தனியாக, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் (அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்). கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் ஈரப்பதத்தை 40–50 சதவீதத்தில் வைத்தால் போதும்.

சைட்டுக்கு எண்ணெய் போடலாமா?

எஃகுப் பாகங்களின் வெளிப்புறத்தில் துணியால் தொட்டும் தொடாமலும். க்ளிக் திருகுக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகி, பிறகு இரண்டு க்ளிக் திருப்பினால் ஒன்றுதான் நகரும். வியர்வை பட்ட இடத்தைத் தினமும் துடைத்தாலே பாதி துரு வராது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெல்லட் ஈயம்.

வீட்டில் ஸ்ப்ரிங் ஏர்கன் இருக்கிறது. அதற்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்?

'பெரிய ரைஃபிளுக்கே தாங்கும்' என்று சொல்லி விற்கும் ஸ்கோப்பை வாங்கிவிட வேண்டாம். ஸ்ப்ரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், உடனே பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் உதைக்கும். சாதாரண ஸ்கோப்புகள் பின் உதைக்கு மட்டுமே செய்யப்பட்டவை, முன் உதையில் உள்ளே குறுக்குக் கோடு கழன்றுவிடும். ஸ்ப்ரிங் ஏர்கன்னுக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மவுன்ட் பின்னால் நகராமல் இருக்க ஸ்டாப் பின் உள்ளதாகப் பாருங்கள்.

அடுத்து பாராலாக்ஸ். பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கு நிலைநிறுத்தப்பட்டவை. பத்து மீட்டரில் இலக்கு மங்கும், கண் சற்று நகர்ந்தால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் வழுக்கும். பத்து கஜம் வரை இறக்கும் வசதி உள்ளதே உங்களுக்குச் சரி. பெருக்கம் 4 போதும், 9 வரை போகலாம். அதற்கு மேல் போனால் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பெரிதாகக் காட்டும். க்ளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோணம்) என்று போட்டிருந்தால் பத்து மீட்டரில் ஒரு க்ளிக் சுமார் 0.7 மி.மீ.தான் நகர்த்தும், 'திருப்பினேன் ஒன்றும் ஆகவில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பழைய டயாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

துப்பாக்கியில் பொருத்திச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஐந்து குண்டு சுடுங்கள். இருபது க்ளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது என ஒவ்வொரு மூலையிலும் ஐந்து சுட்டுத் தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் உள் திருகு தேய்ந்திருக்கிறது. அப்படியும் வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்துங்கள்: மூன்று க்ளிக் கூடுதலாகத் திருப்பி, மூன்று க்ளிக் திரும்பி வருவது. தேய்மானம் ஓரளவு மறையும். தண்டவாளத்தைப் பிடிக்கும் அடிப்பாகத்தில் விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.